ராஜா அம்பாட் பயணத்துக்கு முன் நாடிய பயண மருத்துவ நிலையம்

இந்தோனேசியப் பப்புவாவின் ராஜா அம்பாட் தீவுகளில் மலேரியா அபாயம் இருப்பதால், ஸ்கூபா முக்குளிப்புக்குப் புறப்படும் முன் சிங்கப்பூரில் ஒரு பயண மருத்துவ நிலையத்தை நாடினேன். கடலுக்கடியில் இறங்கப் போவதைச் சொன்னதுமே மருத்துவர் மெஃப்ளோகுவின் என்ற மலேரியா தடுப்பு மருந்தை விலக்கிவிட்டார். அம்மருந்து உண்டாக்கக்கூடிய தலைசுற்றலும் மனக்கலக்கமும் நீருக்கடியில் ஆபத்தானவை என்பதோடு, அவற்றை, ஆழத்திலிருந்து வேகமாக மேலே வரும்போது உண்டாகக்கூடிய அழுத்தக்குறைவு நோயின் அறிகுறிகளாகத் தவறாக எண்ணவும் இடமுண்டு என்று அவர் பொறுமையாக விளக்கியதே இந்நிலையத்தின் மீது எனக்கு முழு நம்பிக்கையை ஏற்படுத்தியது.

மற்றொரு மலேரியா தடுப்பு மருந்தான டாக்சிசைக்ளின் விலை குறைந்ததுதான்; ஆனால் வெயிலில் தோல் எளிதில் புண்படும், திரும்பிய பின்னும் 4 வாரங்கள் தொடர வேண்டும். பகலெல்லாம் படகின் மேல்தளத்தில் இருக்கும் முக்குளிப்பவருக்கு, பயணத்துக்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கித் திரும்பிய பின் 7 நாட்களில் முடியும் அட்டோவாகுவோன்-புரோகுவானில் மாத்திரையே பொருத்தமானது என்று அவர் கூறியதை, விலை கூடுதலாக இருந்தும் மனமுவந்து ஏற்றேன். அதை உணவோடு விழுங்க வேண்டும் என்பதையும் மறக்காமல் எழுதித் தந்தார்.

ஹெப்படைட்டிஸ் ஏ, டைஃபாய்டு தடுப்பூசிகளை அன்றே போட்டார்கள். டைஃபாய்டு ஊசியைப் பயணத்துக்குக் குறைந்தது 2 வாரங்களுக்கு முன் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதால் கடைசி நேரம்வரை காத்திருக்காதீர்கள். காத்திருப்பு நேரம் நீண்டது, ஆலோசனைக் கட்டணமும் தனி. ஆயினும் முக்குளிப்பவர்களுக்கு இந்நிலையத்தைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.