டிரெய்லர் மாட்டும் கம்பியில்லா கேமரா: அரை மாதச் சம்பளம் போயிற்று, நீங்களாவது ஏமாறாதீர்கள்

டிரெய்லர் மாட்டுவதற்கென்றே விற்கப்படும் கம்பியில்லா கேமரா ஒன்றை இணையச் சந்தை ஒன்றில் வாங்கி, என் அரை மாதச் சம்பளத்தைப் பறிகொடுத்திருக்கிறேன். பணத்தைத் திருப்பித் தர இயலாது என்ற கடைசிப் பதில் இன்று காலையில்தான் வந்தது. இதே பொருளை வெவ்வேறு பெயர்களில் பலர் விற்றுக்கொண்டிருப்பதால், நடந்ததைச் சொல்லிவிட்டு, வாங்குமுன் கவனிக்க வேண்டியவற்றையும் முடிவில் எழுதுகிறேன்.

தனியாளாக டிரெய்லர் மாட்டுபவர்களுக்கு இதில் உள்ள சிரமம் தெரியும். பிக்கப் வண்டியின் பின்கதவுக்குக் கீழே இருக்கும் ஹிட்ச் பந்து, அதாவது டிரெய்லரை மாட்டும் உலோக உருண்டை, ஓட்டுநர் இருக்கையிலிருந்து கண்ணில் படவே படாது. என் வண்டியில் இருப்பது 50 மில்லிமீட்டர் பந்து. டிரெய்லரின் கப்ளர், அதாவது அந்தப் பந்தைக் கவ்வும் முன்முனை, அதற்கு நேர் மேலே வந்து நின்றால்தான் டிரெய்லரின் ஜாக்கியைச் சுழற்றி இறக்கி உட்கார வைக்க முடியும். பக்கத்தில் நின்று வழிகாட்ட ஆளில்லாவிட்டால், இறங்கிப் பார்த்து, ஏறி ஒரு சாண் நகர்த்தி, மறுபடியும் இறங்கிப் பார்க்க வேண்டியதுதான். அந்த அலைச்சலைத் தவிர்க்கத்தான் கேமராவைத் தேடினேன்.

விளம்பரத்தைப் பார்த்த மாத்திரத்தில் நான் பணம் கட்டிவிடவில்லை. என் வண்டியின் பின்கதவு அலுமினியம். காந்தம் அதில் பிடிக்காது. ஆகவே, காந்த அடிப்பாகம் கொண்ட இந்தக் கேமராவை எங்கே பொருத்துவது என்றும், படம் திரைக்கு வர எவ்வளவு தாமதமாகும் என்றும் விற்பனையாளரிடம் எழுத்து மூலமாகவே கேட்டேன். சிறிது நேரத்திலேயே பதில் வந்தது. "அலுமினியக் கதவுக்கு ஒட்டிக்கொள்ளும் இரும்புத் தகடு பெட்டியிலேயே வரும் சார். படம் நேரலை, தாமதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நானும் டிரெய்லர் இழுப்பவன்தான், தைரியமாக வாங்குங்கள்." தொழில் தெரிந்த ஒருவர் தம் அனுபவத்திலிருந்து பேசுகிறார் என்றே அந்தக் கடைசி வரியைப் படித்தபோது தோன்றியது. அந்த வரிக்காகத்தான் அரை மாதச் சம்பளத்தை அனுப்பினேன்.

பெட்டியைப் பிரித்தால் இரும்புத் தகடு இல்லை. விற்பனைப் பக்கத்தில் போட்டிருந்த ஐபி67 என்ற குறியீடு, அதாவது தூசி புகாது, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் கிடந்தாலும் நீர் உள்ளே இறங்காது என்ற உறுதி, பெட்டியிலும் இல்லை, கேமராவிலும் இல்லை. இடவலம் மாறித் தெரியும் படத்தைத் திருப்பிக்கொள்ளும் வசதி, கேமராப் படத்தைப் போனில் காட்டும் ஆப்பில் இல்லை. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டு, இரும்பாலான பின் பம்பரில் கேமராவை ஒட்டி, வண்டியை மெதுவாகப் பின்னுக்கு எடுத்தேன்.

போன் திரையில் கப்ளருக்கும் பந்துக்கும் இடையே இரண்டு கை அகலத்துக்கு மேல் இடம் தெரிந்தது. அப்போதே பின்னால் 'டம்' என்று இடித்தது. பிரேக்கை மிதித்து வண்டி நின்ற பிறகும், திரையில் மட்டும் கப்ளர் நிதானமாக நெருங்கி வந்துகொண்டிருந்தது. இறங்கிப் பார்த்தால், கப்ளரின் மூக்கு பம்பரை உள்ளே தள்ளி, பெயிண்டைப் பட்டையாக உரித்திருந்தது.

இதற்கான காரணத்தைப் பிறகு சோதித்துப் பார்த்தேன். ஒரு போனில் ஸ்டாப்வாட்ச்சை ஓடவிட்டு, அதைக் கேமராவுக்குக் காட்டி, ஓடும் எண்ணையும் திரையில் தெரியும் எண்ணையும் சேர்த்துப் படமெடுத்தேன். ஒரு நொடிக்கு மேல் வித்தியாசம் இருந்தது. மணிக்கு 2 கிலோமீட்டர் என்ற ஊர்ந்து செல்லும் வேகத்தில்கூட வண்டி ஒரு நொடியில் சுமார் 55 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். பந்தின் அகலமே 5 சென்டிமீட்டர்தான் எனும்போது, இந்தத் தாமதத்தோடு எந்த ஓட்டுநராலும் சரியாக நிறுத்த முடியாது. கேமரா படத்தைச் சுருக்கி வைஃபையில் அனுப்ப வேண்டும், போன் அதை விரித்துக் காட்ட வேண்டும், இடையில் வண்டியின் இரும்பு உடல் அலையை மறிக்கிறது. இவ்வளவும் தெரிந்திருந்தும் 'தாமதமே இல்லை' என்று எழுதியவரை எப்படி மன்னிப்பது?

அந்தப் படத்தை அனுப்பியதும், அதுவரை இனிக்க இனிக்கப் பேசிய விற்பனையாளரின் குரலே மாறிவிட்டது. முதலில் ஆப்பை அழித்துவிட்டு மீண்டும் நிறுவச் சொன்னார். செய்தேன், எதுவும் மாறவில்லை. அடுத்து என் போன் பழையது என்றார். புதிய போனில் எடுத்த படத்தை அனுப்பினால், வீடியோவாக வேண்டும் என்றார். வீடியோ அனுப்பியதும் பதில் நின்றுபோயிற்று. சந்தைத் தளத்தின் உதவிப் பிரிவோ, விற்பனையாளர் பதிலளிக்கும் வரை காத்திருக்கும்படி அதே வாசகத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பியது. அப்படிக் காத்திருந்த காலத்திலேயே திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டதாம்! அதையே காரணம் காட்டி இன்று புகாரை முடித்துவிட்டார்கள். இரும்புத் தகடு வரும் என்று அவர் எழுதியதைப் படமெடுத்து அனுப்பியிருந்தேன். அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. உழைத்துச் சேர்த்த அரை மாதச் சம்பளம், பதில் சொல்லக்கூட ஆளில்லாமல் போய்விட்டது. பம்பர் செலவு தனி.

விரிவாக எழுத நினைத்திருந்தேன், இப்போது மனம் ஓடவில்லை. கம்பியில்லா கேமரா வாங்கினால், கைக்கு வந்த அன்றே ஸ்டாப்வாட்ச் சோதனையைச் செய்துவிடுங்கள். விற்பனையாளரின் பதிலுக்காகக் காத்திருக்காமல், கெடுவுக்குள் திருப்பி அனுப்பும் கோரிக்கையைப் பதிந்துவிடுங்கள். கம்பி வழி கேமராவில் இந்தத் தாமதத் தொல்லை அநேகமாக இல்லை. அதுவும் கட்டுப்படியாகாதென்றால், காந்த அடியும் உச்சியில் வண்ண உருண்டையும் உள்ள நீட்டுக் கம்பிகள் இரண்டு, ஒன்று பந்தின் மேல், ஒன்று கப்ளரின் மேல். உருண்டைகள் தொட்டுக்கொண்டால் வண்டி சரியான இடத்துக்கு வந்துவிட்டது, பின்கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொள்ளலாம். வண்டி நகரும்போது இடையில் யாரையும் நிற்க விடாதீர்கள். மாட்டிய பிறகு ஜாக்கியால் சற்றே தூக்கி, கப்ளர் பந்தைக் கவ்வியிருக்கிறதா என்று பாருங்கள். பாதுகாப்புச் சங்கிலிகளைக் கப்ளருக்குக் கீழே குறுக்காகப் போடுங்கள். எனக்கு அந்தக் கேமராவை விற்றவரின் பக்கம் இந்த நிமிடமும் திறந்துதான் இருக்கிறது, 'தாமதமே இல்லை' என்ற வரியோடு.