வங்கிக் கடிதமும் தையல்காரர் வாட்ஸ்அப்பும்

சிங்கப்பூரில் சரக்கு நிறுவனம் ஒன்றில் வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் எழுதுவதுதான் என் பிழைப்பு. அதனால் வேலூருக்கு வந்தாலும் யார் என்ன எழுதி அனுப்புகிறார்கள் என்றே கண் போகிறது. காட்பாடியில் இறங்கியது, ஆட்டோ, சிம் கார்டு எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. வங்கிதான் பாடாய்ப் படுத்தியது.

என் பழைய சேமிப்புக் கணக்கு பற்றி வீட்டுக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. "தங்களது கணக்கு செயல்படாக் கணக்காக வகைப்படுத்தப்பட்டுள்ளது. உரிய ஆவணங்களுடன் கிளையை அணுகுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்." எந்த ஆவணம், யாரைப் பார்ப்பது, ஒன்றும் இல்லை. பணமே போய்விட்டதோ என்று அம்மா பயந்துகொண்டிருந்தார். விஷயம் இவ்வளவுதான்: 2 வருடத்துக்கு மேல் நாமாகப் போடவோ எடுக்கவோ இல்லையென்றால், ரிசர்வ் வங்கி விதிப்படி கணக்கை அப்படி ஒதுக்கிவைப்பார்கள். பணம் பத்திரமாக இருக்கும், சேமிப்புக் கணக்கென்றால் வட்டியும் ஏறும். "உங்கள் பணம் பத்திரமாக இருக்கிறது" என்று முதல் வரியில் போட்டிருந்தால் அம்மா நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

இதற்கு நேர்மாறு, லாங் பஜார் பக்கத்துத் தையல்காரர். அவர் அனுப்பிய வாட்ஸ்அப்: "அண்ணா, அம்மாவோட ஜாக்கெட் ரெண்டு ரெடி. பச்சைக்கு லைனிங் பத்தல, நான் வாங்கிப் போட்டு சனிக்கிழமை தரேன். கை கொஞ்சம் லூசாவே வச்சிருக்கேன், போன தடவை இறுக்கம்னாங்க." வணக்கமும் இல்லை, நன்றியும் இல்லை. ஆனால் அம்மாவின் கையை ஞாபகம் வைத்திருக்கிறார். 'நான்', 'பச்சை', 'சனிக்கிழமை' மாதிரிச் சொற்கள்தான் வேலை செய்கின்றன.

தேன் தடவினால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. ஒரு நகைக்கடை குறுஞ்செய்தி "எங்கள் குடும்பத்தில் ஒருவரான அன்பு" என்று ஆரம்பித்தது. பெயர் வரவேண்டிய இடம் காலி, அடுத்து ஒரு காற்புள்ளி!

சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றி லாட்ஜ், மெஸ் பலகைகளில் வங்காள எழுத்தைப் பார்க்கலாம். அவ்வளவு தூரத்திலிருந்து நோயாளியோடு வந்து நிற்பவருக்குத் தன் எழுத்தில் சாப்பாடு இருக்கிறது என்று தெரிந்தாலே பாதித் தவிப்பு குறையும். அங்கே அலங்கார வாசகம் எதற்கு?

மறுபடி வங்கி. கவுண்டரில் இருந்த மேடம், "வெளிநாட்டுலயே இருக்கீங்கல்ல, இதை என்.ஆர்.ஓ.வா, அதாவது வெளிநாட்டுல இருக்குறவங்களுக்கான கணக்கா மாத்திடலாம் சார். நாளைக்குக் காலைல வாங்க, நானே முடிச்சுத் தரேன். திரும்ப இயக்குறதுக்குக் கட்டணம் கிடையாது" என்றார். இதையே கடிதத்தில் எழுதக்கூடாதா என்றேன். "வாசகம் மேலிடத்துல இருந்து வருது சார், எங்களால ஒரு எழுத்து மாத்த முடியாது."

இதே வேலையாகப் போகிறவர்கள் பாஸ்போர்ட், விசா, பான் கார்டு, வெளிநாட்டு முகவரிச் சான்று, போட்டோ ஆகியவற்றைக் கையோடு எடுத்துப் போங்கள். நகலும் வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் கேட்டது இவைதான்.