கேசட்டிலிருந்து கோப்புக்கு: ஒரு மாற்றுச் சேவையைப் பற்றிய மதிப்பீடு

குடும்ப நிகழ்ச்சிகள் பதிவாகியிருந்த விஎச்எஸ் கேசட்டுகளை டிஜிட்டல் கோப்புகளாக மாற்றித் தரும்படி ஒரு சேவை நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தேன். இந்தக் கேசட்டுகளை ஓட்டும் டெக்கான விசிஆரைத் தயாரித்துவந்த கடைசி நிறுவனமாகக் கருதப்படும் ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. எனவே இன்று எவர் கையில் இருப்பதும் தேய்ந்துவரும் பழைய டெக்தான். அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் குறைந்து வருகிறார்கள். இந்த வேலையை இனியும் தள்ளிப்போடுவதற்கில்லை.

இவர்களிடம் எனக்கு முதலில் பிடித்தது, கேசட்டை வாங்கியவுடன் டெக்கில் செருகிவிடாததுதான். ஒரு கேசட்டின் சிறு ஜன்னல் வழியாகப் பார்த்தபோது நாடாச் சுற்றின் விளிம்பில் வெண்பொடி போலப் பூஞ்சை படர்ந்திருந்தது. அதை அப்படியே ஓட்டியிருந்தால் பூஞ்சை டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்து ஓடும் கேசட்டுக்கும் பரவியிருக்கும். திருகுகளைக் கழற்றி, நாடாவைச் சுத்தம் செய்து, வேறு கூட்டுக்கு மாற்றிய பிறகே ஓட்டினார்கள். இந்தப் பொறுமைக்காகவே கூடுதல் கட்டணம் கொடுக்கலாம்.

பதிவின் தரமும் நன்றாகவே இருக்கிறது. நாடா ஒரே சீராக ஓடுவதில்லை என்பதால், படத்தின் ஒவ்வொரு வரியும் சற்று முன்பின்னாக வந்து சேர்கிறது. கதவு நிலை, தூண் போன்ற நேர்க்கோடுகள் நெளிவதற்குக் காரணம் இதுவே. டைம் பேஸ் கரெக்டர் என்னும் கருவி வரிகளை நினைவகத்தில் ஒரு கணம் நிறுத்தி, சம இடைவெளியில் வெளியே அனுப்புகிறது. மலிவான யுஎஸ்பி கருவியில் எடுத்த பதிவில் பாம்பாய் நெளிந்த அதே கதவு நிலை, இவர்கள் தந்த கோப்பில் அசையாமல் நின்றது. ஒலியும் உதட்டசைவும் கடைசி நிமிடம் வரை பிசகவில்லை.

குறை அதற்குப் பின் நடந்த மெருகூட்டலில்தான். பிஏஎல் என்னும் தொலைக்காட்சி முறையில் பதிவான வீடியோ நொடிக்கு 25 படங்கள் என்று சொல்லப்பட்டாலும், ஒவ்வொரு படமும் வெவ்வேறு கணங்களில் எடுக்கப்பட்ட இரண்டு பாதிகளால் ஆனது. ஆகவே அசைவு நொடிக்கு 50 முறை பதிவாகியிருக்கிறது. அதை நொடிக்கு 50 முழுப் படங்களாக விரித்துத் தருவதே முறை. இவர்கள் 25 ஆகக் குறைத்துவிட்டதால், ஓடிவரும் குழந்தையின் கால்கள் விட்டுவிட்டு அசைகின்றன. புள்ளிகளை நீக்குவதாகச் சொல்லி மென்மையாக்கியதில் தலைமுடி இழைகள் ஒன்றோடொன்று குழைந்து, முகங்கள் மெழுகு பூசியதுபோல் ஆகியிருக்கின்றன. போதாததற்கு, படத்தை 1080 வரிகள் கொண்ட எச்டி அளவுக்குப் பெரிதாக்கியிருக்கிறார்கள். விஎச்எஸ் நாடா கிடைமட்டத்தில் ஏறத்தாழ 240 கோடுகள் அளவுக்கே நுணுக்கம் காட்டக்கூடியது. பெரிதாக்குவதால் கோப்பு வீங்குமே தவிர, இல்லாத விவரம் வந்துவிடாது.

இதைச் சுட்டிக்காட்டி, மெருகூட்டுவதற்கு முந்தைய மூலப் பதிவைக் கேட்டபோது தயங்காமல் கொடுத்தார்கள். 720க்கு 576 அளவில், இழப்பில்லாத முறையில் சுருக்கப்பட்ட கோப்பு அது. சுருக்காமல் வைத்தால் படம் மட்டுமே மணிக்கு 75 ஜிபி அளவுக்கு வரும் என்பதால் இந்தச் சுருக்கம் நியாயமானதே. பாதுகாத்து வைக்க வேண்டியது இந்தக் கோப்பைத்தான். கைப்பேசியில் பார்ப்பதற்கான சிறிய எம்பி4 கோப்பை இதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கூடவே தந்த டிவிடியை நான் பொருட்படுத்தவில்லை.

இவர்களிடம் கொடுக்க நினைப்பவர்கள் மூலப் பதிவும் வேண்டுமென்று முதல் நாளே எழுத்தில் கேட்டுவிடுங்கள். கேட்காதவர்களுக்கு மெருகூட்டிய கோப்பு மட்டுமே போய்ச் சேர்கிறது. கோப்புகள் கைக்கு வந்ததும் ஹெட்போன் மாட்டிக் கேட்டுப் பாருங்கள். எனக்கு வந்த சில கோப்புகளில் ஒற்றைத் தட ஒலி இடது காதில் மட்டுமே கேட்டது. சொன்னவுடன் திருத்திக் கொடுத்தார்கள், அதற்குக் கட்டணமும் கேட்கவில்லை.