ஆக்சிஜன் சென்சார் கோளாறு: கழுவுவதா, ஒட்டுப்போடுவதா, ஒரிஜினல் வாங்குவதா?

பாம்பன் பாலத்தில் ஏறும்போது செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. பிக்கப் குறையவில்லை, சத்தமும் மாறவில்லை. மறுநாள் உச்சிப்புளியில் ஸ்கேனர் போட்டதும் பி0135 என்ற பிழைக் குறியீடு (எரர் கோட்) வந்தது. இன்ஜினை ஒட்டி இருக்கும் முதல் ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு என்று அதற்குப் பொருள். அதன்பிறகு ஒன்றரை வருடத்தில் எல்லா வழியையும் ஒரு சுற்று சுற்றிவிட்டேன். நம் கடற்கரையில் கார் வைத்திருப்பவர்கள் அதே சுற்றைச் சுற்ற வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

இந்தச் சென்சார் புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனைப் பார்த்து இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு என்பதுதான் கணக்கு. பெட்ரோல் கூடினால் சென்சார் 0.9 வோல்ட் பக்கம் போகும், காற்று கூடினால் 0.1 பக்கம் இறங்கும். சுமார் 300 டிகிரி சூடு ஏறாமல் அது வேலை செய்யாது. சீக்கிரம் சூடாக்கத்தான் உள்ளே ஹீட்டர்.

முதல் வழி, அந்தக் குறியீட்டை ஸ்கேனரில் அழித்துவிட்டு அப்படியே ஓட்டுவது. செலவே இல்லை. ஆனால் சென்சார் சொல்வது தெரியாதபோது கம்ப்யூட்டர் ஒரு குத்துமதிப்பில் பெட்ரோலை விடும், பெரும்பாலும் கொஞ்சம் கூடுதலாகவே விடும். மைலேஜ் குறைவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்தால் அது உருகிப்போகக்கூடும், அதன் விலை சென்சாரைவிடப் பல மடங்கு. மதுரை வரை போய்வர இது போதும், மாதக்கணக்கில் ஓட்டக்கூடாது.

இரண்டாவது, கழற்றி பெட்ரோலில் ஊறவைத்து பிரஷ் போட்டுத் தேய்ப்பது. மெக்கானிக் அண்ணன் எனக்கு முதலில் செய்தது இதைத்தான். இதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கருப்புக் கரி தானே எரிந்துபோகக்கூடியது. வெள்ளைப் படிவு சிலிக்கோன் பேஸ்ட்டால் வந்திருந்தால் எதில் ஊறவைத்தாலும் சென்சார் பிழைக்காது. எனக்கு வந்தது ஹீட்டர் சர்க்யூட் கோளாறு, அதற்கும் முனையைத் தேய்ப்பதற்கும் சம்பந்தமே இல்லை.

மூன்றாவது, பொதுச் சென்சார். எல்லா வண்டிக்கும் ஆகும் என்று சாக்கெட் இல்லாமல் வரும். பழைய சென்சாரின் சாக்கெட்டை வெட்டி எடுத்து அதில் நான்கு வயரையும் ஒட்ட வேண்டும். விலை ஒரிஜினலில் பாதிக்கும் கீழே, அதனால் வாங்கினேன். எட்டு மாதம் நன்றாக ஓடியது. நடுவில் கச்சான் காற்று வீசும் காலம் ஒன்று, ஒரு மழைக்காலம். மறுபடி விளக்கு எரிந்து டேப்பைப் பிரித்தபோது செம்பு முழுக்கப் பச்சை பூத்துக் கிடந்தது. உள்நாட்டில் இதே ஒட்டு வருடக்கணக்கில் தாங்கலாம். அரிச்சல்முனை சாலையில் இரண்டு பக்கமும் கடலை வைத்துக்கொண்டு ஓடும் வண்டிக்கு ஒவ்வொரு ஒட்டும் உப்பு நுழையும் வாசல்.

அப்போதுதான் இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். புகையோடு ஒப்பிட்டுப் பார்க்க இந்தச் சென்சாருக்கு வெளிக்காற்று வேண்டும். பல சென்சார்களில் அந்தக் காற்று வயர் இழைகளின் இடுக்கு வழியாகத்தான் உள்ளே போகிறது. ஈயம் வைத்துப் பற்றவைத்தால் அந்த வழி அடைபடும், அதனால் கிரிம்ப் செய்வதே (உலோகக் குழலில் வைத்து அழுத்தி இணைப்பதே) சரி. நம் ஊரில் துருவுக்குப் பயந்து எந்தச் சாக்கெட்டைப் பார்த்தாலும் கிரீஸ் அப்புவோம். இங்கே அதைச் செய்யக்கூடாது. கிரீஸும் கிளீனர் ஸ்பிரேயும் அதே இடுக்கில் ஏறிச் சென்சாரைக் கெடுக்கும். ஸ்பிரே அடிப்பதானால் வண்டிப் பக்கத்துச் சாக்கெட்டில் மட்டும் அடித்து, நன்றாகக் காய்ந்தபின் மாட்ட வேண்டும்.

புதிய கார்கள் பலவற்றில் ஐந்து வயர் உள்ள வைட்பேண்ட் சென்சார் இருக்கிறது. அதற்கு நான்கு வயர் பொதுச் சென்சார் ஆகவே ஆகாது.

நான்காவது, சாக்கெட்டோடு வரும் ஒரிஜினல். கார் கம்பெனி டப்பாவில்தான் வாங்க வேண்டும் என்றில்லை. பாஷ், டென்சோ, என்டிகே போன்றவர்கள்தான் இந்தச் சென்சார்களைச் செய்கிறார்கள், உங்கள் மாடலுக்கான நம்பர் பொருந்தினால் சரி. சில ஆயிரம் ரூபாய் ஆகும். இந்தக் கரையில் என் தேர்வு இதுதான். பழைய இரும்புக் கடைச் சென்சாரைப் பற்றிப் பேசவே வேண்டாம், எவ்வளவு ஓடியது என்று யாருக்கும் தெரியாது.

ஆனால் காசை எண்ணுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. அதை முதல் நாளே செய்யாததில் எனக்கு இன்றும் வருத்தம். சாக்கெட்டைக் கழற்றி, சென்சார் பக்கத்து ஹீட்டர் வயர் இரண்டிலும் மல்டிமீட்டர் வையுங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது பொதுவாக 2 முதல் 15 ஓம்ஸுக்குள் காட்டும். காட்டினால் ஹீட்டர் அறுந்துபோகவில்லை, ஃபியூஸையும் வயரையும் சாக்கெட் பின்களையும் பாருங்கள். எதுவும் காட்டாவிட்டால்தான் ஹீட்டர் போய்விட்டது. என் வண்டியில் ஒரிஜினலை மாட்டப்போனபோது வண்டிப் பக்கத்துச் சாக்கெட்டிலும் ஒரு பின் பச்சையாக இருந்தது. முதல் சென்சார் நல்லதாகவே இருந்திருக்கலாம்.

பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று பொருள்படும் பி0171 குறியீடு வந்தால் சைலன்சர் குழாயையும் பாருங்கள். உப்புக் காற்றில் குழாய் அரித்து, சென்சாருக்கு முன்னால் ஓட்டை விழுந்தால் வெளிக்காற்று உள்ளே இழுபடும். பெட்ரோல் குறைவு என்று சென்சார் தப்பாகச் சொல்லும். அங்கே சென்சாரை மாற்றுவது வீண் செலவு.

கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது சென்சாருக்கு அவசரம் குறைவு. அது முக்கியமாகக் கன்வெர்ட்டரைக் கண்காணிக்கத்தான்.

சென்சாரை மாற்றும்போது இன்ஜின் இளஞ்சூட்டில் இருந்தால் துருப்பிடித்த மரை எளிதாகக் கழலும். பெரும்பாலும் 22 எம்எம் ஸ்பேனர் சேரும். புதுச் சென்சாரின் மரையில் பேஸ்ட் தடவியே வரும், அது முனையில் படக்கூடாது. இப்போது தனுஷ்கோடி போய்வந்தால் வண்டிக்கு அடியில் நல்ல தண்ணீர் அடிக்கிறேன், அதுவும் சைலன்சர் முழுக்க ஆறியபிறகுதான். சூட்டோடு அடித்தால் சென்சாருக்குள் இருக்கும் செராமிக் விரிசல் விடக்கூடும்.