எக்கோ எடுக்கப் போன இடத்தில் ஒரு கூடுதல் நரம்பு

குடலிறக்க ஆபரேஷனுக்கு முன்னால் எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுத்து வரச் சொன்னார்கள். தக்காளி ஏலத்தை மகனிடம் விட்டுவிட்டு, நானும் வீட்டம்மாவும் பாலக்கோட்டிலிருந்து பஸ் ஏறி தர்மபுரி போனோம். குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் சென்டரின் பெயர் வேண்டாம். 1,200 ரூபாய், டோக்கன் 14, இரண்டேகால் மணி நேரக் காத்திருப்பு. உட்கார ஆறு நாற்காலிதான்.

டாக்டரம்மாவை மட்டும் குறை சொல்ல முடியாது. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஜெல் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார். இதயத்துக்குப் பின்னால் இருக்கும் கொரோனரி சைனஸ் என்ற குழாய் வழக்கத்தைவிடப் பெருத்திருக்கிறதாம். "ஐயா, கையில ஒரு ஊசி போட்டுப் பார்த்துடலாமா?" என்றார். சரி என்றேன். இரண்டு சிரிஞ்சுக்கு நடுவே சலைனை இங்கும் அங்கும் தள்ளி நுரைக்க வைத்து, இடது கையில் ஏற்றினார். திரையில் அந்தப் பின்குழாய் முதலில் வெளுத்தது, அப்புறம்தான் வலது மேலறை. வலது கையில் ஏற்றியபோது நுரை நேராக மேலறைக்கே போனது.

கருவில் எல்லோருக்கும் இடது பக்கமும் ஒரு பெரிய சிரை இருக்குமாம், பிறப்பதற்குள் சுருங்கிவிடும். எனக்குச் சுருங்காமல், அந்தப் பின்குழாயில் போய்ச் சேர்கிறதாம். ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பேருக்கு இப்படி இருக்குமாம். வாய்க்கால் சுற்றிப் போனாலும் தண்ணீர் அதே ஏரிக்குத்தானே போகிறது என்று கேட்டேன். "அதேதான். அபூர்வமா சிலருக்கு இடது மேலறைக்குப் போயிடும், அதுதான் சிக்கல். உங்களுக்கு அப்படியில்லை, மருந்தே வேண்டாம்" என்றார்.

இதற்குள் கவுன்டரில் இருந்த பெண் வீட்டம்மாவிடம், "ஹார்ட்ல எக்ஸ்ட்ரா நரம்பு இருக்காம்" என்று சொல்லிவிட்டாள். எங்கள் பக்கம் ரத்தக்குழாயும் நரம்புதான். நான் சட்டை பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது வீட்டம்மா அழுதுகொண்டிருந்தாள். டாக்டர் வாய் திறக்குமுன் கவுன்டரில் ஏன் பேச வேண்டும்? இதற்கே ஒரு ஸ்டாரைக் குறைக்கிறேன்.

ரிப்போர்ட் சாயந்திரம்தான் கையில் வந்தது. பிற்காலத்தில் பேஸ்மேக்கரோ கழுத்து நரம்பு வழியாக மருந்து ஏற்றும் குழாயோ இடது பக்கம் போட நேர்ந்தால் இதைக் காட்டச் சொல்லி, அந்த வரிக்குக் கீழே பேனாவால் கோடு போட்டுக் கொடுத்தார். மயக்க டாக்டர் முதலில் படித்தது அந்த வரியைத்தான். ஆபரேஷன் முடிந்து இன்றோடு பன்னிரண்டு நாள். ஒரு ஜெராக்ஸ் ஆதார் கார்டோடு பர்ஸில் இருக்கிறது.

போகிறவர்கள் எட்டு மணிக்கே டோக்கன் போட்டுவிடுங்கள். கூகுள் பே எடுப்பதில்லை, பணமாகக் கொண்டுபோங்கள்.