கேஸ் அடுப்பு மாற்ற வந்து "பெர்மிட் காசு" கேட்கிறார்களா? கவனம்!

சிங்கப்பூரில் என் அம்மா வீட்டில் கேஸ் அடுப்பின் ஒரு பக்கம் சரியாகப் பற்றவில்லை. தபால்பெட்டியில் கிடந்த விளம்பரச் சீட்டைப் பார்த்து ஓர் ஆளைக் கூப்பிட்டிருக்கிறார். வந்தவர் திறந்து பார்த்ததுமே, "ஆன்ட்டி, இது ஆகாது. புதுசுதான் போடணும். இப்பல்லாம் பெர்மிட் இல்லாம கை வைக்கக் கூடாது" என்றாராம். அடுப்புக்கு 420 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), பெர்மிட்டுக்கு 150 வெள்ளி. போன் வழியே வங்கிப் பணம் அனுப்பும் பேநவ்வில் காசு வந்த பிறகுதான் வேனிலிருந்து அடுப்பை இறக்கினார்.

சட்டத்தின் பெயரைச் சொன்னதால்தான் அம்மா நம்பினார். உண்மையிலேயே இங்கே கேஸ் இணைப்பில் கண்டவர் கை வைக்க முடியாது. எரிசக்திச் சந்தை ஆணையத்திடம் உரிமம் பெற்ற எரிவாயுச் சேவை ஊழியர்தான் செய்ய வேண்டும். அந்த உரிமம் ஆளின் பெயரில் இருக்கும். அம்மா உரிம எண்ணைக் கேட்டதற்கு, "அது கம்பெனியில இருக்கு" என்று மழுப்பியிருக்கிறார். 150 வெள்ளிக்கு ரசீதும் தரவில்லை, பெர்மிட் என்று ஒரு துண்டுத் தாளும் தரவில்லை.

மறுநாளே சமையலறையில் கேஸ் வாடை. தீயும் சோம்பலாக எரிந்தது. வால்வை மூடி, சன்னல்களைத் திறந்துவிட்டு, உரிமம் உள்ள ஒருவரை வரவழைத்தோம். அட்டையைக் காட்டிவிட்டுத்தான் அவர் உள்ளேயே வந்தார். மாட்டியிருந்தது சிலிண்டர் கேஸுக்கான அடுப்பு! அம்மா வீட்டுக்கு வருவதோ குழாய் கேஸ். இரண்டுக்கும் பர்னருக்குள் இருக்கும் துளையின் அளவே வேறு. ஹோஸ் இணைப்பும் தளர்ந்திருந்தது. செனோக்கோவில் தயாராகிக் குழாயில் வரும் இந்த கேஸில் பெரும்பங்கு ஹைட்ரஜன். கார்பன் மோனாக்சைடும் கலந்திருக்கிறது. கசிந்தால் தீப்பிடிக்கும் அபாயம் மட்டுமல்ல, மூச்சுக்கும் விஷம். எழுபதைத் தாண்டியவர் தனியாக இருக்கும் வீட்டில் இப்படிச் செய்துவிட்டுப் போக எப்படித்தான் மனம் வந்ததோ. அதை நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது.

பழைய அடுப்பில் அடைப்பு மட்டும்தான் இருந்திருக்கும் போல. பார்த்துச் சொல்ல முடியவில்லை, அதையும் அந்த ஆள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆள் வந்ததும் முதலில் உரிம அட்டையைக் கேளுங்கள். பெயரையும் எண்ணையும் ஆணையத்தின் இணையத்தளத்தில் சரிபார்த்த பிறகு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். புது அடுப்பில் பாதுகாப்பு முத்திரையும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். எந்த கேஸுக்கானது என்பதை அடுப்பில் ஒட்டியிருக்கும் விவரத்தில் பாருங்கள். பெர்மிட் என்று தனியாகக் காசு கேட்டால், தாளைக் காட்டாமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள். வாடை வந்தால் விளக்கு சுவிட்சைத் தொடாதீர்கள். வெளியே வந்து போன் செய்யுங்கள்.

பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். சிறு உரிமைக் கோரிக்கை நடுவர் மன்றத்துக்கும் போகப் போகிறோம். பேநவ் பதிவும் அந்த விளம்பரச் சீட்டும் பத்திரமாக இருக்கின்றன. அம்மா இருக்கும் ஈசூன் வட்டாரத்தில் இப்படி யாருக்காவது நடந்திருந்தால், தயவுசெய்து நீங்களும் புகார் கொடுங்கள்.