கோணம் தொழிற்பேட்டை சி.என்.சி. பட்டறை: விலைக்கு முன் கேள்வி

குளச்சலில் விசைப்படகு இன்ஜின்களின் கடல்நீர் பம்புகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். உதிரிபாகம் கிடைக்காத பழைய பம்பு ஒன்றுக்கு 316 என்ற துருப்பிடிக்காத எஃகில் உறை செய்ய, நாகர்கோவில் கோணம் தொழிற்பேட்டையில் உள்ள, கணினி வழி இயங்கும் எந்திரத்தில் உலோகம் வெட்டும் இந்த சி.என்.சி. பட்டறைக்குப் போனேன். வரைபடத்தைப் பார்த்ததுமே விலை சொல்லும் பட்டறைகள்தான் அதிகம். இங்கே முதலில் கேள்விகள் வந்தன.

படகு உரிமையாளர் யாரிடமோ வரைந்து வாங்கிய படம் அது. 40 மி.மீ. ஆழக் குழிவு, உள்மூலை நான்கும் கத்திக் கூர்மை. "கட்டர் சுற்றுகிற சாமான், அண்ணாச்சி. உள்மூலையில் வளைவு விழத்தான் செய்யும்" என்றார் பட்டறைக்காரர். வளைவைக் குறைக்க 4 மி.மீ. கட்டர் போட்டால், அத்தனை ஆழத்துக்கு நீட்டும்போது அதிர்ந்து ஒடிந்துவிடும். அடி மூடிய குழிவு என்பதால், கம்பியை ஊடே செலுத்தி மின்பொறியால் வெட்டும் வயர்கட்டும் உதவாது. மூலை ஆரத்தை 6 மி.மீ. ஆக்கச் சொன்னார். 10 மி.மீ. கட்டரின் ஆரம் 5 என்பதால் அது மூலையில் முட்டி நிற்காமல் வளைந்து போகும். உள்ளே உட்காரும் தகட்டின் மூலைகளை அதற்கேற்ப வளைவாக்கிவிட்டார், பொருத்தம் கெடவில்லை.

1 மி.மீ. தடிமன் சுவர், கட்டர் தொட்டால் விலகும், அளவு நிற்காது என்று 2.5 ஆக்கினார். எம்5 (5 மி.மீ. போல்ட்டுக்கான) மரை 25 மி.மீ. ஆழம் கேட்டிருந்தது, பிடிப்பு முதல் சில மரைகளில்தான் என்று 10 மி.மீ. போட்டார். 6 மி.மீ. விட்டத்தில் 90 மி.மீ. நீளத் துளையை இருபுறமிருந்தும், சுருளை வெளியேற்ற டிரில்லை விட்டுவிட்டு எடுத்து, துளைத்தார். 316-இல் டிரில் வெட்டாமல் உரசினால் அந்த இடம் இறுகிவிடும். பிறகு டிரில் இறங்குவது கஷ்டம்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறு. அளவு கூடவோ குறையவோ விடும் வரம்பு, படம் முழுவதும் ±0.02 மி.மீ. என்றிருந்தது. பேரிங் துளைக்கும், கசிவைத் தடுக்கும் சீல் உட்காரும் இடத்துக்கும் மட்டும் அதை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தளர்த்தினார். கூலியில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைந்தது.

குறையும் உண்டு. சொன்ன தேதிக்கு வேலை முடியவில்லை. மதியத்துக்குப் பிறகு போனையும் எடுப்பதில்லை. துளைகள் சந்திக்கும் இடத்தில் பிசிறு கிடந்தது. அரத்தை நான்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஒற்றை உறைக்கும் எந்திரத்தை வேலைக்குத் தயார்படுத்தும் முழு செட்டிங் கூலி உண்டு. அது நியாயம்தான், ஆனாலும் கொடுக்கும்போது கை தயங்குகிறது.

போகிறவர்கள் காலையிலேயே போங்கள். வரைபடத்தோடு, செய்யப்போகும் பாகத்தில் பொருந்தும் மறுபாகத்தையும் கொண்டுபோங்கள். அதைப் பார்க்காமல் அவர் விலை சொல்வதில்லை.